அறிவிப்பாளர் யார்?

2025-ஆம் ஆண்டு மே 8-ஆம் நாள் இரவு நம் நாட்டுத் தொலைக்காட்சிகளில் கராச்சித் துறைமுகம் தீக்கிரையாயிற்று, இஸ்லாமாபாத் வீழ்ந்தது, பாகிஸ்தானின் படைத்தலைவர் கைதானார். பொழுது புலர்ந்தபோது கராச்சித் துறைமுகம் இருந்த இடத்திலேயே இருந்தது. எரியும் கராச்சி என்று பரப்பப்பட்ட காட்சிகளுள் ஒன்று, அவ்வாண்டு ஜனவரி 31-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் விமானம் ஒன்று விழுந்து எரிந்தபோது எடுக்கப்பட்டது. வேறு சில, காஸாவின் மீது பொழிந்த குண்டுகளின் காட்சிகள். அக்கரையிலும் நிலைமை வேறாக இல்லை. பாகிஸ்தான் அரசின் அதிகாரபூர்வமான கணக்கே, சிறுவர் ஆடும் கணினி விளையாட்டின் காட்சியைத் தம் படையின் வீரச்செயலென எடுத்து வெளியிட்டது. அந்நாட்டின் வெளியுறவு அமைச்சரோ, இலண்டன் நாளிதழ் ஒன்று தம் விமானப்படையைப் புகழ்ந்து எழுதியதாகச் செனட் சபையில் எடுத்தோதினார். அவ்விதழ் அப்படியொரு பக்கத்தை அச்சிட்டதே இல்லை என்பதைப் பாகிஸ்தானின் ‘டான்’ பத்திரிகையே எடுத்துக் காட்டிற்று.

பொய் பரவியது வியப்பன்று. போர்க்காலத்தில் பொய் பரவாத நாடு எது? 1942 ஏப்ரலில் ஜப்பானியக் கப்பற்படை சென்னையை நோக்கி வருகிறதென்ற தவறான தகவலை நம்பி அன்றைய ஆங்கில அரசே மக்களை வெளியேறச் சொன்னது; நகரம் பாதி காலியாயிற்று; உயிர்க்காட்சிச் சாலையின் கொடிய விலங்குகள் சுட்டுக் கொல்லப்பட்டன; படைதான் வரவில்லை. நான் குறை கூற வந்தது பொய்யைப் பற்றியன்று. அப்பொய்களுக்குப் பக்கத்தில் நாற்காலியிட்டு அமர்ந்து, விளக்கம் என்ற பெயரில் அவற்றுக்கு முத்திரை குத்திக் கொடுத்த ‘நிபுணர்’ பெருமக்களைப் பற்றியது. ஓய்வுபெற்ற அதிகாரி என்றும், பாதுகாப்பு ஆய்வாளர் என்றும், மூத்த பத்திரிகையாளர் என்றும் திரையில் பெயர் ஓடுகிறது. இவர்களில் ஒருவரேனும் “இச்செய்தியை உமக்குச் சொன்னவர் யார்? அவர் கண்டாரா, கேட்டாரா?” என்று வினவினாரா? “வட்டாரங்கள் தெரிவித்தன” என்ற இரண்டு சொற்களுக்கு அப்பால் அறிவிப்பாளர் எவரும் இல்லை. நம் மத்ரஸாவின் முதல் வகுப்பு மாணவன்கூட அத்தகைய அறிவிப்பாளனை ‘மஜ்ஹூல்’, அதாவது இன்னாரென அறியப்படாதவன் எனத் தள்ளிவிடுவான்.

இதன் விலையை யார் கொடுத்தார்? மே 7-ஆம் நாள் ஜம்மு காஷ்மீரின் பூஞ்ச் நகரில் எல்லை தாண்டி விழுந்த பீரங்கிக் குண்டுகளால் இந்துக்களும் சீக்கியர்களும் முஸ்லிம்களும் குழந்தைகளுமாகப் பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் ஒருவர் மத்ரஸா ஆசிரியர். என்னைப் போலப் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்து வயிறு வளர்த்தவர். இந்தியக் குடிமகன், பாகிஸ்தானின் குண்டுக்கு இரையானவர். அவருடைய தாடியும் தொப்பியும் உள்ள நிழற்படத்தைத் தேசியத் தொலைக்காட்சிகள் சில எடுத்துக்கொண்டு, எல்லைக்கு அப்பால் நம் படையினரால் கொல்லப்பட்ட பயங்கரவாதத் தளபதி இவரே என்று நாடெங்கும் காட்டின. குடும்பத்தார் மையித்தை அடக்கிய ஈரம் காயுமுன் இப்பழி வந்து சேர்ந்தது. பூஞ்ச் காவல்துறை மறுப்பு வெளியிட்டது. இத்தகைய செய்தி பரப்புவோர் மீது நடவடிக்கை வருமென எச்சரித்தது. ஜூன் மாத இறுதியில் பூஞ்ச் நீதிமன்றம் வழக்குப் பதியுமாறு உத்தரவிடும் அளவுக்குச் சென்றது. மூன்று நிமிடம் செலவிட்டு உள்ளூர்க் காவல் நிலையத்தைத் தொலைபேசியில் அழைத்திருந்தால் தீர்ந்திருக்கும் காரியம் இது. எத்தனை நிபுணர்கள் அந்த மேசைகளைச் சுற்றி அமர்ந்திருந்தனர்!

நிபுணர் என்பவர் யார்? இதுதான் கேள்வி. பதவியால் நிபுணரா, பெயருக்கு முன்னுள்ள பட்டத்தால் நிபுணரா, அல்லது தாம் சொன்னதற்குப் பிறர் சோதித்துப் பார்க்கத்தக்க ஆதாரத்தைக் கொண்டுவந்து வைப்பவர் நிபுணரா? இக்கேள்வியை நம் முன்னோர் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுப்பினர்; எழுப்பியதும் ஒரு போரின் காரணமாகத்தான். உதுமான் (ரலி) அவர்களின் படுகொலையைத் தொடர்ந்து ‘ஃபித்னா’ எனும் உள்நாட்டுக் கலகம் மூண்டு, ஒவ்வொரு தரப்பாரும் தமக்குச் சாதகமான செய்திகளைப் பரப்பத் தொடங்கிய பிறகே, “உம் அறிவிப்பாளர்களின் பெயரைக் கூறும்” என்று கேட்கும் வழக்கம் உறுதிப்பட்டது என்பது இப்னு ஸீரீன் (ரஹ்) அவர்களின் கூற்றாக இமாம் முஸ்லிம் (ரஹ்) தம் நூலின் முன்னுரையில் பதிவு செய்திருக்கும் கருத்தாகும். ஸனது, அதாவது அறிவிப்பாளர் தொடர் என்பது தொழுகை நோன்பைப் பற்றிய செய்திகளைக் காக்க மட்டும் பிறந்ததன்று. போர்க்காலப் பொய்யினின்று சமுதாயத்தைக் காக்கப் பிறந்தது.

திருக்குர்ஆனின் ஹுஜுராத் அத்தியாயத்தின் ஆறாம் வசனத்தை ஓதாத ஆலிம் இல்லை. தீயோன் செய்தி கொணர்ந்தால் தீர விசாரித்தறியுங்கள், இல்லையேல் அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துப் பின் வருந்துவீர்கள் என்பது அதன் பொருள். விரிவுரையாளர்கள் பலரும் இதற்குக் கூறும் பின்னணி என்ன? பனூ முஸ்தலிக் குலத்தாரிடம் ஸகாத் திரட்டச் சென்ற ஒருவர், அவர்கள் ஸகாத்தைத் தர மறுத்துத் தம்மைக் கொல்ல முனைந்ததாக வந்து கூறினார். படை புறப்படும் நிலை வந்தது. விசாரித்தபோது அக்குலத்தார் தொழுதுகொண்டும் ஸகாத்தை வைத்துக்கொண்டு காத்துக்கொண்டும் இருந்தனர். ஆக, இது அண்டை வீட்டு வம்பைப் பற்றி மட்டும் இறங்கிய கட்டளையாகாது. ஒரு படையெடுப்பே ஒற்றை அறிவிப்பாளரின் வாய்ச்சொல்லைத் தொங்கிக்கொண்டிருந்த வேளையில் இறங்கிய கட்டளை.

இன்று உலகில் ‘ஓசின்ட்’ என்று ஒரு கலை பேசப்படுகிறது. எல்லார்க்கும் திறந்து கிடக்கும் சான்றுகளைக் கொண்டு போரின் உண்மையைத் துருவும் கலை. திறந்த சான்றாய்வு என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். ஒற்றனும் வேண்டாம், இரகசியக் கோப்பும் வேண்டாம். மக்கள் தம் கைப்பேசியில் எடுத்து வெளியிட்ட காணொளி, விலைக்குக் கிடைக்கும் செயற்கைக்கோள் படம், கப்பல்களும் விமானங்களும் விட்டுச் செல்லும் சமிக்ஞைப் பதிவு, இவையே மூலப்பொருள்கள். படத்தின் பின்புலத்தில் தெரியும் மினாராவையும் மலைமுகட்டையும் தண்ணீர்த் தொட்டியையும் செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிட்டு இடத்தைக் கண்டுபிடிப்பர். நிழல் விழும் திசையையும் நீளத்தையும் அளந்து நேரத்தைக் கணிப்பர். அப்படம் முன்னரே வெளியானதா என்று தேடிப் பார்ப்பர். வெடித்த குண்டின் சில்லில் உள்ள எண்ணை வாசித்து அது எந்நாட்டுச் சரக்கென்று உரைப்பர். சிரியாவில் போர் நடந்தபோது, அரபு மொழி அறியாத, படைப் பயிற்சி இல்லாத, வேலையும் இல்லாத எலியட் ஹிக்கின்ஸ் என்ற ஆங்கிலேயர், 2012-இல் லெஸ்டர் நகரிலுள்ள தம் வீட்டிலிருந்தபடியே இப்படி ஆயுதங்களை இனங்காணத் தொடங்கினார். பின்னர் 2014-இல் ‘பெல்லிங்கேட்’ எனும் குழுவை நிறுவினார். அவ்வாண்டு ஜூலை 17-இல் உக்ரைனின் மேல் பறந்த மலேசிய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 298 பேர் மாண்டபோது, ஏவுகணை வண்டி எவ்வழியே வந்தது, எவ்வழியே திரும்பியது என்பதை வழிப்போக்கர் எடுத்த படங்களைக் கோத்து இக்குழுவினர் காட்டினர். அது ரஷியாவின் 53-ஆம் படைப்பிரிவுக்குரியது என்ற அவர்கள் முடிவைப் பன்னாட்டு விசாரணைக் குழு 2018-இல் உறுதி செய்தது; 2022 நவம்பரில் நெதர்லாந்து நீதிமன்றம் மூவருக்குத் தண்டனை விதித்தது.

இதைக் கேட்டு நம்மவர் மலைக்க வேண்டியதில்லை. நிழலை அளந்து அஸ்ருடைய நேரத்தைக் கணிக்கப் பழகிய சமுதாயமல்லவா நாம்? ஹிஜ்ரி 447-இல் பக்தாதில் நடந்ததைச் சற்று நினைத்துப் பாருங்கள். கைபர் வாசிகளுக்கு ஜிஸ்யா வரியிலிருந்து பெருமானார் (ஸல்) அவர்கள் விலக்களித்ததாகக் கூறும் ஆவணம் ஒன்று, சாட்சிகளின் பெயர்களோடு அமைச்சரின் கைக்கு வந்தது. அமைச்சர் அதனை அறிஞர் கத்தீப் பக்தாதி (ரஹ்) அவர்களிடம் கொடுத்தார். அவர் வாசித்துவிட்டு, “இது போலி” என்றார். எப்படி? சாட்சிகளுள் ஒருவர் முஆவியா (ரலி). அவர் இஸ்லாத்தைத் தழுவியதோ மக்கா வெற்றியின்போது, ஹிஜ்ரி எட்டில். கைபர் வெற்றி ஹிஜ்ரி ஏழில். மற்றொரு சாட்சி ஸஅது பின் முஆது (ரலி). அவரோ ஹிஜ்ரி ஐந்தில், அகழ்ப்போரின் காயத்தால் மறைந்துவிட்டவர். தாளின் நேர்த்தியைப் பார்த்து அவர் மயங்கவில்லை. கொணர்ந்தவரின் கௌரவத்தையும் பார்க்கவில்லை. ஆவணத்தினுள் இருந்த காலத்தையே அதற்கு எதிரான சாட்சியாக நிறுத்தினார். பிலடெல்பியாவின் தீயைக் கராச்சியின் தீயன்று என்று கண்டவர்கள் செய்ததும் இதுவன்றி வேறென்ன?

நிபுணத்துவம் வேறு, நம்பகம் வேறு என்பதையும் அக்கலை நமக்குக் கற்பித்திருக்கிறது. ஹிஜ்ரி 207-இல் மறைந்த வாகிதீயை எடுத்துக்கொள்ளுங்கள். பெருமானாரின் போர்களைப் பற்றி அவரளவு விரிவாக எழுதியோர் அரியர். போர் நடந்த இடத்துக்குத் தாமே நேரில் சென்று, நிலத்தைக் கண்ணால் கண்டு வந்து எழுதினாரென்றும் சொல்வர். இன்றைய மொழியில் கூறினால் களம் கண்ட நிபுணர்! ஆயினும் ஹதீஸ் கலை வல்லுநர்கள் பலர் அவரை ‘மத்ரூக்’, கைவிடத்தக்கவர் என ஒதுக்கினர். அவர்மீது வைத்த குற்றங்களுள் ஒன்று, பலர் சொன்ன வெவ்வேறு செய்திகளை யார் எதைச் சொன்னார் என்று பிரிக்காமல் ஒன்றாய்க் குழைத்து, ஒரே கதையாக ஓட்டிவிடுகிறார் என்பது. ஐயா, நம் இரவு நேர நிபுணர்கள் செய்வது இதே குழைத்தலன்றோ? ஓர் உண்மை, ஓர் ஊகம், ஓர் ஆசை, மூன்றையும் பிசைந்து உருட்டித் தருகிறார்கள். வாகிதீயின் நூலை நம் அறிஞர்கள் எரித்துவிடவில்லை. படித்தனர், பயன்படுத்தினர், இன்னவிடத்து இவ்வளவே பெறுமானம் என்று எடை போட்டு வைத்தனர். எகிப்தின் நீதிபதி இப்னு லஹீஆவோ நல்ல மனிதர். அவருடைய ஏடுகள் தீப்பட்ட பிறகு நினைவில் தடுமாற்றம் கண்டது. ஆதலால் தீக்கு முன் அவரிடம் கேட்டவர் யார், பின் கேட்டவர் யார் என்று பிரித்து எழுதி வைத்தனர். முப்பது ஆண்டுக்கு முன் சீருடை கழற்றிய ஒருவர் இன்றைய ட்ரோன் போரைப் பற்றி அடித்துப் பேசும்போது இக்கணக்கை யாராவது பார்க்கிறார்களா?

மேல்நாட்டார் மட்டும் இதில் உத்தமர்களென்று எண்ணிவிட வேண்டாம். 2003 பிப்ரவரி 5-இல் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பாவல் ஐ.நா. பாதுகாப்புச் சபையில், இராக்கில் வண்டிகளின் மேல் நடமாடும் நச்சுக்கிருமிக் கூடங்கள் இருப்பதாகப் படம் வரைந்து காட்டினாரே, அதன் மூல அறிவிப்பாளர் யார்? ஜெர்மனியில் புகலிடம் தேடிய ஒரே ஓர் இராக்கியர். அமெரிக்க உளவுத்துறை அச்சபைக்கு முன் அவரை நேரே விசாரித்ததுமில்லை. தாம் சொன்னது பொய்யென்று 2011-இல் அவரே ஒப்புக்கொண்டார். அறிவிப்பாளர் ஒருவர், அவரும் யாரென்று தெரியாதவர், நடுவில் தொடர் அறுந்தது. எந்த மத்ரஸாவிலும் தேறாத அச்செய்தி ஒரு நாட்டை அழித்தது. அப்போரை அமெரிக்கத் தொலைக்காட்சிகளில் விளக்கிய ஓய்வுபெற்ற தளபதிகளுள் பலர் பாதுகாப்புத்துறையிடம் பாடம் கேட்டு வந்து ஒப்பித்தவர்கள், ஆயுத நிறுவனங்களோடு வியாபாரத் தொடர்பு வைத்திருந்தவர்கள் என்பதை ‘நியூயார்க் டைம்ஸ்’ 2008 ஏப்ரலில் வெளிப்படுத்தியது.

இனி நமக்கு அண்மையில் நடந்ததற்கு வருவோம். 2009-இல் ஈழத்தின் இறுதிப் போரின்போது சுயேச்சையான பத்திரிகையாளர் எவரும் களத்துக்கு விடப்படவில்லை. பொதுமக்களில் ஓர் உயிருக்கும் சேதமில்லை என்பதே தன் கொள்கையென இலங்கை அரசு உரைத்துக்கொண்டிருந்தது. போர்ப்பகுதியில் சிக்கியோர் எழுபதாயிரம் பேரே என்றது. முடிவில் முகாம்களை அடைந்தோர் இரண்டரை லட்சத்துக்கும் மேல். உணவும் மருந்தும் எந்த எண்ணிக்கைக்கு அனுப்பப்பட்டிருக்கும் என்பதை வாசகரே கணக்கிட்டுக் கொள்க. ஐ.நா. நியமித்த மூவர் குழு 2011-இல், மாண்ட பொதுமக்கள் நாற்பதினாயிரம் வரை இருக்கக்கூடும் என்பதைத் தள்ளிவிட இயலாது என்றது. அந்நாள்களில் மேலிருந்து பார்த்த செயற்கைக்கோளே ஏறத்தாழ ஒற்றைச் சாட்சி. பாதுகாப்பு வலயமென அரசே அறிவித்த மணற்பரப்பில் குண்டுக்குழிகள் தெரிந்தன.

போர் முடிந்த பின் 2009 ஆகஸ்டில் பிரிட்டனின் ‘சேனல் 4’ ஒரு காணொளியை வெளியிட்டது: கைகள் பின்னே கட்டப்பட்டு, ஆடை களையப்பட்ட இளைஞர்களைச் சீருடையணிந்தோர் சுட்டுக் கொல்லும் காட்சி. கொழும்பு உடனே நான்கு நிபுணர்களை நிறுத்தியது. படம் போலி, ஒலியும் ஒளியும் பொருந்தவில்லை, கைப்பேசியில் எடுத்ததன்று என்றனர். நால்வரில் இருவர் இலங்கை இராணுவத்தையே சேர்ந்தவர்கள்! குற்றஞ்சாட்டப்பட்டவனின் வீட்டிலிருந்தே சாட்சியும் நிபுணரும் வந்தால் அதற்கு என்ன பெயர்? ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன், தடயவியல் மருத்துவர் ஒருவர், காணொளி ஆய்வாளர் ஒருவர், துப்பாக்கித் தடய வல்லுநர் ஒருவர் என்று மூவரைத் தனித்தனியே ஆராயச் செய்து 2010 ஜனவரியில் முடிவை வெளியிட்டார். துப்பாக்கியின் பின்னுதைப்பு, குருதி பாய்ந்த விதம், உடல்கள் விழுந்த விதம், படத்தின் கட்டமைப்பு ஆகிய யாவும் அது மெய்யானதென்பதோடு ஒத்துப்போகின்றன என்றனர். அதோடு நில்லாமல், விளக்க முடியாதவையும் சில உண்டு என்று எடுத்துரைத்தனர். கோப்பினுள் பதிவாகியிருந்த தேதி 2009 ஜூலை 17 என்றிருந்தது. அப்போது போர் முடிந்து இரண்டு மாதமாகிவிட்டது. இதை அவர்கள் மறைக்கவில்லை. தமக்குப் பாதகமான தகவலையும் தாமே எடுத்து வைத்தனர். அதனால் முடிவு தகரவில்லை என்பதற்குக் காரணமும் கூறினர். என்னைக் கேட்டால், கொழும்பின் நால்வரையும் இம்மூவரையும் பிரிக்கும் கோடு பட்டத்தில் இல்லை, இவ்விடத்தில்தான் இருக்கிறது.

மறுதரப்பையும் சொல்லாமல் விடுவது நீதியாகாது. 1990 ஆகஸ்ட் 3-இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டபோது புலிகள் இயக்கம் அதனை மறுத்தது. பிழைத்தவர்களின் கண்சாட்சியம் வேறாக இருந்தது. அவ்வாண்டு அக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் சில மணி நேர அவகாசத்தில் ஊரைவிட்டு விரட்டப்பட்டனர். தமிழகத்தின் ஈழ நிபுணர்கள் எத்தனை மேடைகளில் இதைப் பேசினர்? 2023 பிப்ரவரி 13-இல் தஞ்சையில் திரு. பழ. நெடுமாறன் அவர்கள், பிரபாகரன் நலமாக உயிரோடிருக்கிறார் என்று உலகுக்கு அறிவித்தார். மதுரை மண் தந்த மூத்த தலைவர். அவரது தியாக வாழ்வில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால் 2009 மே மாதம் நந்திக்கடலோரத்தில் காட்டப்பட்ட உடலுக்கு எதிராக அவர் வைத்த சான்று என்ன? ஒன்றுமில்லை, தாம் சொல்வதே சான்று. ஸாலிஹான நல்லடியார்கள் வாயிலாகவும் பொய்ச் செய்தி நுழைந்துவிடுவதுண்டு என்று ஹதீஸ் கலைஞர்கள் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் பொய் புனைபவர்களல்லர், நல்லெண்ணத்தால் நம்பிவிடுபவர்கள். நல்லெண்ணம் இங்கே சான்றாகாது.

“போர் நடக்கும்போது ஆதாரம் கேட்பவன் துரோகி” என்று ஓர் வாதம் உண்டு. சென்ற ஆண்டு மே மாதம் எங்கள் விளாங்குடியில், திண்டுக்கல் சாலைத் தேநீர்க் கடையிலும் இதைக் கேட்டேன். இரகசியம் காப்பது வேறு, பொய் சொல்வது வேறு. படையினர் வாய்மூடி இருக்க உரிமையுண்டு. அதை யாரும் மறுக்கவில்லை. 2019 பிப்ரவரி 27-இல் ஸ்ரீநகரை அடுத்த பட்காமில் நம் ஹெலிகாப்டரை நம் ஏவுகணையே வீழ்த்தியது; விமானப்படையினர் அறுவரும் தரையிலிருந்த ஒருவரும் மாண்டனர். அவ்வாண்டு அக்டோபரில் விமானப்படைத் தளபதியே அது தங்கள் பெருந்தவறென வெளிப்படையாகச் சொன்னார். அதனால் நாடு சிறுமைப்பட்டதா? 2025-இல் பட்டிண்டா அருகே வயலில் கிடந்த விமானச் சிதைவுகளின் காணொளியை இடமறிந்து பி.பி.சி. சரிபார்த்தபோது இங்கே கூச்சல் எழுந்தது. மே 31-இல் முப்படைத் தலைமைத் தளபதி அனில் சௌஹான் சிங்கப்பூரில், விமான இழப்பு நேர்ந்தது மெய்யே, ஆறு என்ற எண்ணிக்கை தவறு என்றார். அதே திறந்த சான்றாய்வுதான் மறுபக்கம் நமக்குச் சாட்சியும் சொன்னது: நூர்கான், ரஹீம்யார்கான் முதலிய பாகிஸ்தான் விமானதளங்கள் தாக்கப்பட்டதைச் செயற்கைக்கோள் படங்கள் தெளிவாய்க் காட்டின, உதம்பூர் தளத்தை அழித்துவிட்டோம் என்ற அவர்களின் கூற்றுக்கோ படத்தில் அடையாளமே இல்லை. ஆதாரம் கேட்பவன் துரோகியானால் இதை நமக்கு நிறுவிக் கொடுத்தவன் யார்? அந்நாள்களில் பாகிஸ்தான் பரப்பிய போலிப் படங்களை ஒன்றன்பின் ஒன்றாக உரித்துக் காட்டியவர்களில் முன்நின்றவர் ‘ஆல்ட் நியூஸ்’ முஹம்மது ஜுபைர். 2022-இல் பழைய ட்வீட் ஒன்றுக்காகச் சிறையில் வைக்கப்பட்டு, உச்ச நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டவர்.

திறந்த சான்றாய்வு என்ற பலகையைத் தொங்கவிட்டவரெல்லாம் நம்பத்தக்கவர் என்று நான் கூறவில்லை. அப்பெயரைச் சூடிக்கொண்டு சமூக ஊடகங்களில் உலவுவோரில் பெரும்பாலோர் எதையும் ஆராய்வதில்லை. இன்னொருவர் இட்டதை எடுத்து, எடுத்த இடத்தை மறைத்து, தம் சரக்காக விற்கின்றனர். இதற்கு நம் கலையில் ‘தத்லீஸ்’ என்று பெயர்; நடுவிலுள்ளவனை மறைப்பது. செயற்கைக்கோள் கண்ணும் முற்றும் திறந்த கண்ணன்று. அதன் உரிமையாளர்களுள் பலர் அமெரிக்க நிறுவனங்கள். 2025 மார்ச்சில் அமெரிக்க அரசு சொன்னவுடன் ‘மேக்ஸார்’ நிறுவனத்தின் படங்கள் உக்ரைனுக்கு நிறுத்தப்பட்டன. யார் எதைப் பார்க்கலாம் என்பதை வேறெவரோ முடிவு செய்யும்போது அதைத் திறந்த சான்றென்று சொல்வதில் ஒரு வரம்பு இருக்கிறது. நிலவறையில் நடந்ததையும் நெஞ்சில் இருந்ததையும் எந்தப் படமும் காட்டாது. ஆனால் இவையெல்லாம் எடை போடுவதற்குரிய குறைகள்; தராசையே தூக்கி எறிவதற்குரியவை அல்ல.

கசப்பானதை இனிச் சொல்லத்தான் வேண்டும். நம் வீடுகளில் என்ன நடக்கிறது? காஸாவின் பெயரால் வாட்ஸ்அப்பில் வருவதெல்லாம் வஹீயைப் போல மதிக்கப்படுகிறது. 2023 அக்டோபரில் கணினி விளையாட்டின் காட்சியை முஜாஹித்களின் வெற்றியெனத் தக்பீர் முழக்கத்தோடு அனுப்பியவர்கள் நம்மிலும் உண்டு. சிரியாவின் பழைய மையித்துகளைக் காஸாவின் மையித்துகள் என்று பரப்பியவர்களும் உண்டு. கேட்டால், “நிய்யத்து நல்லதுதானே!” என்கின்றனர். காஸா மக்களுக்கு இதைவிடப் பெரிய துரோகம் இல்லை. அவர்களுக்கு இட்டுக்கட்டிய செய்தி தேவையே இல்லை. 2023 அக்டோபர் 25-இல் அமெரிக்க அதிபர் பைடன், பாலஸ்தீனர் கூறும் இறப்புக் கணக்கில் தமக்கு நம்பிக்கையில்லை என்றார். மறுநாளே காஸாவின் சுகாதார அமைச்சகம் 6,747 பேரின் பெயர்களை வயதோடும் அடையாள எண்ணோடும் பட்டியலாக வெளியிட்டது. கோபித்துக் கூவவில்லை, சாபமிடவில்லை. ஒவ்வொரு பெயரையும் எவரும் சோதித்துப் பார்க்கத் திறந்து வைத்தது.

2025 மார்ச் 23-இல் ரஃபாவில் ஆம்புலன்ஸ் பணியாளரும் மீட்புப் பணியாளருமாகப் பதினைந்து பேர் கொல்லப்பட்டனர். விளக்கும் எச்சரிக்கை ஒளியுமின்றி ஐயத்துக்கிடமாக வண்டிகள் வந்தன என்றது இஸ்ரேல் இராணுவம். மண்ணுக்குள் புதைக்கப்பட்ட உடல்களோடு கிடைத்த ஒருவரது கைப்பேசியில் காட்சி பதிவாகியிருந்தது. வண்டிகளின் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன, சிவப்பு ஒளி சுழன்றுகொண்டிருந்தது. இராணுவம் தன் முதற்கூற்றை மாற்றிக்கொள்ள நேர்ந்தது. அந்த மனிதர் எடுத்தது உண்மையான ஒரே ஒரு பதிவு. அதன் பக்கத்தில் நாம் நூறு போலிகளைக் கொண்டுபோய்க் குவித்தால், இதுவும் அதுபோல ஒன்றென்று சொல்லித் தப்பிக்க எதிரிக்கு வழி திறந்துவிடுகிறோம். கேட்டதையெல்லாம் பேசித் திரிவதைப் பற்றிய நபிமொழியை மிம்பரில் ஓதிவிட்டு, இறங்கி வந்து கைப்பேசியைத் திறக்கும் பெருமக்களே, இது உங்களுக்கும் சேர்த்துத்தான்.

தமிழகத்து அரபு மத்ரஸாக்கள் பலவற்றில் உஸூலுல் ஹதீஸ் பாடம் இன்றும் நடக்கிறது. மாணவன் மஜ்ஹூல், முதல்லிஸ், மத்ரூக் என்ற சொற்களின் இலக்கணத்தை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிடுகிறான். அவற்றைக் கொண்டு ஒரு செய்தியையேனும் உரசிப் பார்க்கும் பயிற்சி அவனுக்கு இல்லை. வாரம் ஒரு மணி நேரம் போதும். வந்த காணொளி ஒன்றை எடுத்து, அனுப்பியவர் யார், அவருக்கு அனுப்பியவர் யார், முதலில் எடுத்தவர் யார் என்று தொடரைத் தேடச் சொல்லலாம். தொடர் அறுந்த இடத்தில் நிறுத்தி, படத்துக்குள்ளேயே தேடச் சொல்லலாம். விளாங்குடியில் மாலை வேளையில் என்னிடம் ஓத வரும் பிள்ளைகளிடம் சில மாதங்களாக இதைச் செய்து பார்க்கிறேன். ஃபஜ்ரு நேரத் தாக்குதல் என்று குறிப்போடு வந்த ஒரு படத்தைக் காட்டினேன். எட்டாம் வகுப்புப் படிக்கும் பையன் ஒருவன் சற்று நேரம் உற்றுப் பார்த்தான்.

“ஹஜரத், இந்த மனுசனோட நிழல் அவர் காலடியிலேயே கிடக்குது. இது ளுஹர் நேரமாச்சே” என்றான்.